தடுப்புப் பட்டியலில் அக்கா

1.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இந்தக் கதை எரிச்சலில் பிறந்தது. இலக்கியமெல்லாம் அப்புறம். இணையத்தில் சீட்டாடும் தளம் ஒன்றில் என் சொந்த அக்காவைத் தடுப்புப் பட்டியலில் போட்டேன். போட்டுவிட்டு மூன்று வாரமாகத் திருதிருவென்று முழிக்கிறேன்.

தொடக்கத்தை நான்கு முறை எழுதிப் பார்த்தேன். "அன்று மழை விடாமல் பெய்து—" (பெய்யவில்லை. அடித்துவிட்டேன்.) "உறவுகள் என்பவை—" (சீ! இப்படி ஆரம்பிக்கிற கதையை நானே படிக்கமாட்டேன்.) மற்ற இரண்டும் இவற்றைவிட மோசம்.

2.

அக்கா மருந்துக் கடையில் கவுண்டர் பார்க்கிறாள். நான் துணி துவைக்கும் இயந்திரங்களுக்குக் கையேடு எழுதுகிறேன். மதிய இடைவேளையில் இருவரும் தளத்துக்கு வருவோம். நால்வர் ஆட்டம், எதிரெதிரே உட்காருபவர்கள் ஜோடி. என் ஜோடி அக்கா. நான் ஏஸை இறக்கினால் அந்தச் சுற்று எங்களுக்குத்தான் என்று பச்சைக் குழந்தைக்கும் தெரியும். இந்த மகராசி அதன்மேல் துருப்புச் சீட்டைப் போட்டு வெட்டி, துருப்பை வீணாக்குவாள். போனில் கத்தினால், "ஐயோ, கவனிக்கலைடி. இன்னொரு ஆட்டம் போடுவோமா?" என்பாள்.

தோற்றுவிட்டு எழுந்து போவது என் ரத்தத்திலேயே கிடையாது. போடுவோம். டப்பாவில் சாப்பாடு ஆறிப்போய்க் கிடக்கும்.

(இந்தப் பாத்திரம் நம்பும்படி இருக்கிறதா? பதினோரு வருடமாக ஒரு மாத்திரைகூடத் தவறாக எடுத்துக் கொடுக்காதவள், சீட்டில் மட்டும் எப்படி இவ்வளவு மக்கு? எழுதுகிறவள் அப்போதே கேட்டிருக்க வேண்டிய கேள்வி. கேட்கவில்லை.)

3.

"உன்னோட ஆட முடியலக்கா" என்று நேரில் சொல்ல வாய் வரவில்லை. நண்பர் பட்டியலில் அவள் பெயரைத் தொட்டேன், 'தடு' என்பதை அழுத்தினேன். தடுக்கப்பட்டவருக்குத் தளம் எதையும் சொல்லாது. என் பெயருக்குப் பக்கத்தில் பச்சைப் புள்ளி எரியாது, அவ்வளவுதான்.

மாலையே போன்.

"என்னடி, ஆளையே காணோம்? உடம்பு சரியில்லையா?"

"வேலை ஜாஸ்திக்கா. விளையாட்டையே விட்டுட்டேன்."

"அப்படியா," என்றாள். "சரி, வேலையைப் பாரு."

பொய் சொன்னால் காப்பாற்ற வேண்டுமே. எங்கள் இருவர் பட்டியலிலும் 'வக்கீல்' என்று ஒரு ஓட்டைவாய் இருக்கிறான். நான் இன்னும் ஆடுவதை அவன் அக்காவிடம் போட்டுக்கொடுத்துவிடுவான் என்று பயந்து, 'ஏணி' என்ற பெயரில் புதுக் கணக்கு ஆரம்பித்தேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். தடுப்புப் பட்டியல் பழைய கணக்கோடு நின்றுவிட்டது. புதியதில் அது காலி.*

* பிறர் எதையெல்லாம் மறப்பார்கள் என்று யோசித்து எழுதத்தான் எனக்குச் சம்பளமே தருகிறார்கள்.

4.

நேற்று மதியம் தளமே ஆள் சேர்த்து உட்காரவைத்தது. எதிரே என் ஜோடி: 'மாத்திரை'. அக்காவேதான். பாதியில் ஓடினால் புள்ளியைக் குறைப்பார்கள். ஓர் ஆட்டம்தானே என்று பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

அக்கா ஆடினாள் பாருங்கள்! விழுந்த சீட்டெல்லாம் அவளுக்கு நினைவிருந்தது. என் ஏஸுக்கு அடியில் அடக்கமாக ஒரு சின்னச் சீட்டு. எதிராளிகள் இருவரையும் ஊதித் தள்ளிவிட்டாள். எனக்கு வயிறு எரிந்தது. அரட்டைப் பெட்டியில் கேட்டேன்:

"பிரமாதமா ஆடுறீங்களே, எப்பவுமே இப்படித்தானா?"

"தங்கச்சியோட ஆடும்போது மட்டும் சொதப்புவேன்."

"ஏன்?"

"ஜெயிச்சா உடனே எழுந்து போயிடுவா. தோத்தா ரோஷம் வந்து இன்னொரு ஆட்டம்னு உக்காருவா. போன் பண்ணா ரெண்டு நிமிஷத்துல வெச்சிடுவா. இங்கதான் அரை மணி நேரம் கிடைப்பா." பிறகு இன்னொரு வரி வந்தது. "இப்ப அவ ஆடறதில்ல. வேலை ஜாஸ்தி, பாவம்."

அந்தப் 'பாவம்' என்னைக் கொன்றுவிட்டது. அலுவலகச் சாப்பாட்டு அறையில் எல்லோர் முன்னாலும் அழுதேன். அழும்போதும் எரிச்சல்தான். அவள் வாயைத் திறந்து என்னிடமே சொல்லித் தொலைத்திருக்கக் கூடாதா? சொல்லியிருந்தால் மட்டும் நான் என்ன செய்திருப்பேன், "போக்கா, வேலை இருக்கு" என்றிருப்பேன்.

5.

முடிவுக்கு மூன்று வரைவுகள் வைத்திருக்கிறேன்.

"அக்கா, நான்தான்" என்று உடைத்துவிடலாம். கோபப்படமாட்டாள். "பரவாயில்லைடி" என்பாள். அதைத்தான் என்னால் தாங்க முடியாது.

பழைய கணக்கில் தடையை நீக்கலாம். ஆனால் நீக்கினால் நட்பு தானாகத் திரும்பாதாம். புதிதாக வேண்டுகோள் அனுப்ப வேண்டுமாம். வேண்டுகோளைப் பார்த்ததுமே, தங்கச்சி எப்போது என்னை நீக்கினாள் என்று அவள்—

ஏணியாகவே இருந்துவிடலாம். மூன்றாவது வரைவை இன்று மதியம் சாப்பாட்டு அறையில் எழுதிக்கொண்டிருந்தபோது, திரையில் இது வந்தது:

'மாத்திரை உங்களை நண்பராகச் சேர்க்க விரும்புகிறார். ஏற்க. மறுக்க.'

கூடவே அவள் எழுதியிருந்தாள்: "இன்னிக்கு வருவீங்களா? ஒன்றரை வரைக்கும் நான் சும்மாதான் இருக்கேன்."

மறுத்தால், இரண்டாவது முறையும் அவளைத் தள்ளியவள் நான். ஏற்றால், அவள் சேர்த்துக்கொள்வது யாரோ ஒருவரை. மணி ஒன்று இருபத்தெட்டு. இவ்வளவு தூரம் படித்தீர்களே, சொல்லுங்கள், எதை அழுத்தட்டும்?