போச்சு, இன்னும் வரல

பகல் தூக்கத்துக்கென்று ஜன்னலில் கறுப்புத் துணி அடித்த அறை அது. கிடங்கில் இரவெல்லாம் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டிவிட்டு வருகிறவனுக்கு வெயில் எதிரி. இப்போது மனைவியும் அந்த வரிசையில் சேர்ந்துவிட்டாளோ என்று அவனுக்குத் தோன்றியது.

வேலையிடத்தில் அவனுக்குத் தலையாட்டி என்று பெயர். சரக்கை இறக்கிவிட்டு அடுத்த லாரிக்குக் காத்திருக்கும்போது தலை தானாக ஆடும். ஒருமுறை அப்படி ஆடியபோது வண்டி நகர்ந்து, பெயிண்ட் டப்பா அடுக்கு ஒன்று சாய்ந்தது.

"தூங்கினியா?" என்றார் சூப்பர்வைசர்.

"பிரேக் பிடிக்கல சார்."

பிரேக்கைப் பிரித்துப் பார்த்தார்கள். நன்றாகவே பிடித்தது. அன்றிலிருந்து அவர் தன்னை வண்டியிலிருந்து இறக்கப் பார்க்கிறார் என்று நம்பினான். கம்பெனி டாக்டரும் அவருடைய ஆள்தான். இல்லாவிட்டால் மாத்திரைக்கு மேல் மாத்திரை எழுதியும் ரத்த அழுத்தம் ஏன் இறங்கவில்லை? சர்க்கரை எட்டிப் பார்க்கிறது என்றார். நெஞ்சில் ஒயர்களை ஒட்டிப் பார்த்துவிட்டு, துடிப்பு தாளம் தப்புகிறது என்றார். அதோடு விட்டாரா? "குறட்டை விடுவீங்களா?" என்றும் கேட்டார்.

"அதெல்லாம் கிடையாது சார்."

அவனைப் பொறுத்தவரை அது பொய்யில்லை. தன் குறட்டையைத் தானே கேட்டவன் யார்? மனைவி ஒருமுறை சொன்னாள். தலையணையைச் சுருட்டிக்கொண்டு கூடத்துக்குப் போனவன் ஒரு வாரம் அறைப் பக்கமே வரவில்லை. அதன்பின் அவள் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. இப்போது யோசித்தால் அதுவும் சந்தேகமாக இருந்தது.

ஒரு மதியம் அரைத் தூக்கத்தில், தலை விண்விண்ணென்று தெறிக்க, கட்டிலருகே அவள் குரல் கேட்டது. ஃபோனில் பேசிக்கொண்டிருந்தாள்.

"போச்சுடா... இன்னும் வரல... இரு, இரு... வந்துடுச்சு!"

எது போச்சு? எது வந்தது? 'டா' போடுகிற அளவுக்கு அவன் யார்? ஆளாக இருந்தால் போயிட்டான், வந்துட்டான் என்றிருப்பாள். அப்படியானால் வண்டி. அவள் நகர்ந்ததும் எழுந்து கறுப்புத் துணியை விலக்கினான். எதிர்வீட்டு வாசலில் ஒரு சிவப்பு பைக். அதற்குப்பிறகு, ஒன்றுக்குப் போக எழும்போதெல்லாம் ஜன்னலுக்கும் ஒரு நடை போனான். தூக்கத்தில் அவன் அடிக்கடி எழுகிறவன். பைக் நின்ற இடத்திலேயே நின்றது. இரண்டு சக்கரத்திலும் காற்றே இல்லை என்பது ரொம்ப நாள் கழித்துத்தான் கண்ணில் பட்டது.

அடுத்து, படுக்கும் முன் அவள் தரும் டீ மேல் சந்தேகம். எழுந்ததும் வாய் வறண்டு மண்டை கனப்பது வேறு எதனால்? அவள் திரும்பியபோது டம்ளர்களை மாற்றி வைத்தான். அவனுக்கு வைத்த டீயைக் குடித்தவள் மாடிப்படி முழுவதையும் கழுவினாள். இவன் நாற்காலியில் உட்கார்ந்தபடியே தூங்கிவிட்டான்.

கையும் களவுமாகப் பிடித்துவிடுவது என்று மறுநாள் கண்ணை மூடிக்கொண்டு படுத்தான். அவள் வந்து உட்கார்ந்தாள். ஃபோனை எடுத்தாள்.

"இன்னைக்கு சத்தமே இல்லடா. நடிக்கிறாருன்னு நினைக்கிறேன்."

 அசையக் கூடாது என்று பல்லைக் கடித்தான். அசையாமல் கிடந்ததில் நிஜமாகவே தூங்கிப்போனான்.

தொண்டையை யாரோ நெரிப்பதுபோல் இருந்தது. திணறிக் கண்ணைத் திறந்தான். முகத்தின் மேல் அவள் கை. மணிக்கட்டைப் பிடித்து முறுக்கினான்.

"கொல்லப் பாக்குறியா?"

"செத்துட்டீங்களான்னு பாக்குறேன்!" என்று கத்தினாள். "மூக்குல விரல் வெச்சா கொலையா? விடுங்க, கை ஒடிஞ்சிடும்."

மெத்தையில் கிடந்த ஃபோன் பேசியது. "அக்கா, மாமா முழிச்சிட்டாரா?"

'டா' போட்டுப் பேச அவளுக்கு ஒரு தம்பி இருப்பது அப்போதுதான் உறைத்தது. ஆஸ்பத்திரியில் தூக்கப் பரிசோதனை அறையில் வேலை செய்கிறவன்.

"போச்சு, வந்துச்சுன்னியே, அது என்ன?"

"உங்க மூச்சு. போனா வர மாட்டேங்குது. நேர்ல சொன்னா தலையணையைத் தூக்கிட்டுப் போயிடுவீங்க."

"மாமா, தொண்டை அடைச்சு மூச்சு நிக்குது," என்றான் தம்பி. "மூளை பதறி எழுப்பி விடுது. உங்க பிரஷர், எழும்போது வர்ற தலைவலி, தூங்கி விழறது, எல்லாம் இதோட கூட்டாளிங்களா இருக்கலாம். சர்க்கரை, நெஞ்சுத் துடிப்பு கூட. இங்க வந்து ஒரு ராத்திரி படுங்க, தெரிஞ்சிடும்."

"வந்தா வண்டியப் பிடுங்கிடுவாங்க. நீயும் அந்த சூப்பர்வைசர் ஆளா?"

"அன்னைக்கு சாஞ்சது டப்பா," என்றாள் அவள். "பின்னால ஒரு ஆள் நின்னிருந்தா?"

 அவனுக்குச் சந்தேகம் இன்னும் பாக்கி இருந்தது. "எல்லாருக்கும்தான் நிக்கும். நீ படு, நான் பாக்குறேன்."

"தாராளமா பாருங்க," என்று படுத்தாள். படுத்ததும் தூங்கிவிட்டாள். அவள் எத்தனை மதியம் தூங்காமல் உட்கார்ந்திருந்தாள் என்பதை அவன் யோசிக்கவில்லை. மூக்கின் கீழே விரலை வைத்தான். வெதுவெதுப்பாக வந்தது, போனது. வந்தது, போனது. ஒரு தடவையாவது நின்றுவிடாதா என்று காத்திருந்தான். நிற்கவில்லை. கட்டியவளின் மூச்சு நிற்க வேண்டும் என்று உட்கார்ந்திருப்பது அவனுக்கே அசிங்கமாகப் பட்டது. விரலை எடுத்துவிட்டான்.

அன்று வேலைக்குப் போனதும் வண்டிச் சாவியைச் சூப்பர்வைசர் மேசையில் வைத்தான்.

"பிரேக் நல்லாத்தான் இருந்துச்சு சார்."

அவர் சாவியைப் பார்த்தார், அவனைப் பார்த்தார். இதில் ஏதோ உள்குத்து இருக்கிறது என்று அவருக்குச் சந்தேகம்.