கல்லீரல் எந்தப் பக்கம்

என் உடம்பில் என் பெயரைத் தவிர மற்றதெல்லாம் எழுதியாயிற்று. தோளுக்குக் கீழே காறை எலும்பு, அதற்குக் கீழே விலா எலும்புகள், ஒன்று முதல் பன்னிரண்டு வரை நம்பர் போட்டு. எழுதியது என் மனைவி. எழுதிய பேனா, ஆஸ்பத்திரிச் சலவை அறையில் போர்வைக்கு அடையாளம் போடுகிற பேனா. சோடா போட்டுக் கொதிக்க வைத்தாலும் அழியாது. இந்த நல்ல செய்தியை எழுதி முடித்த பிறகுதான் சொன்னாள்.

அவள் ஆஸ்பத்திரியில் பதினோரு வருடமாக வார்டு ஆயா. செவிலி உதவியாளர் பரீட்சையில் பாஸ் செய்துவிட்டால் துடைப்பத்தை வைத்துவிட்டு நாடி பிடிக்கலாம். மூன்று தடவைக்கு மேல் எழுத விடமாட்டார்கள். முதல் தடவை வேதியியல் காலை வாரிவிட்டது. இரண்டாம் தடவை காய்ச்சல். இது கடைசி.

"பதினோரு வருஷமா 'ஏ ஆயா'தான். ஒரு நாளாவது யாராவது சிஸ்டர்னு கூப்பிடணுங்க" என்று அவள் சொன்னாள். அதைக் கேட்டு இளகிப்போன நேரத்தில்தான் சட்டையைக் கழற்றச் சம்மதித்தேன்.

அவளிடம் இருந்த நோட்ஸ் பத்துக் கை மாறி வந்த ஜெராக்ஸ். எழுத்து தெரியும். படம் இருந்த இடமெல்லாம் அடிப்பிடித்த பாத்திரம் மாதிரி ஒரே கறுப்பு. அதனால் படத்துக்குப் பதில் நான். தினமும் கடையை அடைத்துவிட்டு வந்து முக்காலியில் உட்காருவேன். அவள் எதிரே நின்றுகொண்டு என்னை ஒப்பிப்பாள்.

வேதியியல் படித்த நாளிலிருந்து என்னை மனிதனாகவே மதிக்கவில்லை.

"உங்க உடம்புல பாதிக்கு மேல தண்ணி, தெரியுமா? இருக்கிற இரும்பையெல்லாம் திரட்டினா ஒரு ஆணிதான் தேறும்."

"ஒரு ஆணியை வச்சுக்கிட்டா இத்தனை வருஷம் குடும்பம் நடத்தினேன்?"

"அதான் நானும் யோசிக்கிறேன்" என்றாள்.

முதல் நாளே தகராறு. "கல்லீரல், வலது பக்கம், விலா எலும்புக்கு அடியில" என்று படித்துவிட்டுத் தன் வலது கைப் பக்கம் எழுதினாள். எதிரே நிற்கிறவளுக்கு வலது என்றால் எனக்கு இடது. நான் சலூன்காரன். இருபத்திரண்டு வருடமாக, நாற்காலியில் உட்கார்ந்திருப்பவருக்கு எது வலதோ அதுதான் எனக்கும் வலது. முன்னால் நின்று சவரம் செய்தாலும் அப்படித்தான். கிருதாவை மாற்றிக் குறைத்துவிட்டால் ஒட்டவைக்கவா முடியும்?

"ஏம்மா, அது என் இடதுல்ல?" என்றேன்.

"நோட்ஸ்ல வலதுன்னு போட்டிருக்கு. இது வலது கை."

"உன் வலது கை. எனக்கு நெஞ்சு துடிக்கிறதுகூட இந்தப் பக்கம். நீ அந்தப் பக்கம் இதயம்னு எழுதி வச்சிருக்க."

"துடிக்கிறது அங்க கேட்கும். இருக்கிறது இங்க. நீங்க முடி வெட்டுற வேலையை மட்டும் பாருங்க."

சுருக்கென்று தைத்தது. சரி, எக்கேடு கெட்டால் எனக்கென்ன என்று வாயை மூடிக்கொண்டேன். ஆஸ்பத்திரியில் இருப்பவளுக்கு இது தெரியாதா என்று நீங்கள் கேட்கலாம். அவள் துடைத்தது தரையை. தரைக்கு ஏது வலது இடது?

எழுத்துப் பரீட்சையில் பாஸாகிவிட்டாள். தாளில் வலது என்று எழுதினால் வலதுதானே. மிச்சம் இருந்தது ஒன்று. ஆளுக்கொருவரைக் கூட்டிக்கொண்டு போய், பரீட்சை நடத்துகிற மேடம் கேட்கிற உறுப்பைத் தொட்டுக் காட்டவேண்டும். அவளுக்கு ஆள் நான்தான். அதற்காக ஒரு வாரமாகப் படிகாரம், ஸ்பிரிட், செங்கல் தூள் என்று எல்லாம் போட்டுத் தேய்த்தேன். தோல் சிவந்தது. எழுத்து இன்னும் எடுப்பாகத் தெரிந்தது.

பரீட்சையன்று காலை அவள் முன்னாலேயே போய்விட்டாள். நான் பத்து மணிக்குப் போனால் போதும் என்று கடையைத் திறந்தேன். கறிக்கடைக்காரர் சவரத்துக்கு உட்கார்ந்தார். தேய்த்த எரிச்சல் தாங்காமல் நான் சட்டைப் பொத்தானைக் கழற்றியதும் அவர் கண் என் வயிற்றில் நிலைத்தது.

"என்ன அண்ணே, ஈரலை அந்தப் பக்கம் போட்டு வச்சிருக்கீங்க?"

"ஏன், எந்தப் பக்கம்?"

"வலது பக்கம்தான். எத்தனை ஆட்டை வெட்டியிருக்கேன். ஒண்ணுகூட மாறிப் பிறக்கலை."

கத்தியைக் கீழே வைத்தேன். என் வீம்புக்காக அவள் தலையில் நானே மண்ணை அள்ளிப் போட்டிருக்கிறேன். அவர் கன்னத்தில் பாதி நுரை இருக்கும்போதே ஓடினேன். பின்னாலேயே அவர் கத்திக்கொண்டு வந்தது நான்காவது கடை வரை கேட்டது.

நான் மூச்சிரைக்கப் போய்ச் சேரவும் அவளைக் கூப்பிடவும் சரியாக இருந்தது. உள்ளே பேசக்கூடாது. மேசைக்குப் பின்னால் தடிக் கண்ணாடி போட்ட மேடம்.

"சட்டையைக் கழட்டுங்க" என்றார்.

கழற்றினேன். மேடம் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

"காப்பி அடிக்கிறதை நிறையப் பார்த்திருக்கேன். பிட்டையே புருஷனாக் கூட்டிட்டு வந்தது நீதான். வெளியே போம்மா."

அவள் கதவுப் பக்கம் திரும்பினாள்.

"மேடம், இதைப் பார்த்துச் சொன்னா இவ ஃபெயில்தான்" என்றேன். "அத்தனையும் இடம் மாறியிருக்கு. தன் கைப் பக்கம் எழுதிட்டா. என் வலது வேற, அவ வலது வேற."

மேடம் எழுந்து வந்து குனிந்து படித்தார். கல்லீரலைப் பார்த்தார். குடல்வால் என்று எழுதியிருந்த இடத்தைப் பார்த்தார். தோள் குலுங்கியது. சிரிப்பை அடக்கிக்கொண்டு, "சரி, இந்தாள் சொல்றது உண்மை. இது பிட்டு இல்லை, பாழுங்கிணறு. எழுத்தை விடு. நிஜமா எங்க இருக்குன்னு காட்டு" என்றார்.

என் மனைவி என்னை மேலும் கீழும் பார்த்தாள். மூன்று வாரம் படித்தது முழுக்கக் கவிழ்ந்து கிடக்கிறது. பிறகு விறுவிறு என்று நடந்து என் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றாள். நான் பார்க்கிற திசையையே அவளும் பார்த்தாள். அங்கிருந்து கையை நீட்டி என் வலது விலாவுக்கு அடியில் வைத்து, "கல்லீரல்" என்றாள்.

அடேயப்பா, அப்புறம் ஒரு தடங்கலும் இல்லை. மண்ணீரல் இடது. பித்தப்பை வலது. குடல்வால் வலது அடிவயிறு. ஒவ்வொன்றையும் அழுத்திக்கொண்டே என் காதருகே பல்லைக் கடித்தாள்.

"எப்போ தெரியும்?"

"முதல் நாளே."

அடுத்து இரைப்பை. அதைத் தொட்டுக் காட்டச் சொன்னார்களா, குத்திக் காட்டச் சொன்னார்களா என்று எனக்கு இன்றுவரை சந்தேகம்.

மேடம் தாளில் பாஸ் என்று எழுதினார். "கடைசியா நாடியைப் பார்த்துச் சொல்லு சிஸ்டர்" என்றார்.

சிஸ்டர் என்ற சொல் காதில் விழுந்ததும் அவள் விரல் என் மணிக்கட்டில் ஒரு கணம் நின்றுவிட்டது. மூக்கை உறிஞ்சிக்கொண்டு எண்ணினாள்.

"நிமிஷத்துக்கு நூத்தி முப்பது, மேடம்."

"ஓடி வந்து இவ்வளவு நேரமாச்சே. ஏன் குறையலை?"

"அட்ரினலின், மேடம். சிறுநீரகத்துக்கு மேல ரெண்டு சுரப்பி இருக்கு. பயத்துல சுரக்கும்."

"பரீட்சை உனக்குத்தானே. இவருக்கு என்ன பயம்?"

"என்கூட வீட்டுக்கு வரணும்ல, மேடம்" என்றாள்.