மூன்று கோடு காட்டும் மலை

குவைத்தில் வீட்டு வேலை செய்யும் ஜீவராணிக்கு மாதத்தில் ஒரே ஒரு வெள்ளிக்கிழமைதான் வாய் திறக்க நேரம். வீட்டுக்காரர்கள் வெளியே போகும் அந்த அரை மணியில், இலங்கை நேரத்துக்கு ரெண்டரைக்கு, மஸ்கெலியாவில் காசுக்குப் போன் பேசும் கொமினிகேஷன் கடைக்கு எடுப்பாள். தாய் வேலாயி அங்கே காத்துக்கொண்டு நிற்பாள். கடைக்கு வந்த மற்றவர்களும் காதைத் தீட்டிக்கொண்டு நிற்பார்கள்.

போன மாதம் பிள்ளையின் குரல் கம்மிப்போயிருந்தது. "அம்மா, ஒரு விசயம் இருக்கு. கடைப் போன்ல சொல்ல ஏலாது. நீங்களா ஒரு போன் வாங்குங்க" என்றாள். அந்த விசயம் வேலாயியின் நெஞ்சில் முள்ளாகக் குத்திக்கொண்டே கிடந்தது.

இந்த மாதம் தீபாவளி முற்பணத்தில் செலவு போக மிஞ்சியதை முந்தானையில் முடிந்துகொண்டு, புருஷன் அழகுமுத்துவோடு கடைக்கு வந்துவிட்டாள். இருவருக்கும் அன்றைய பேர் போனதுதான் மிச்சம். பேர் போனால் ஒரு நாள் சம்பளம் போச்சு.

புதுப் போன் கைக்கு எட்டவில்லை. பட்டரி நிற்கிற பழசு ஒன்றைக் கடைக்காரர் பழனியாண்டி எடுத்து வைத்தார். அடுத்து சிம் கார்ட். ஒரு கம்பனியின் கார்டுக்கு லயத்து வீட்டுக்குள்ளேயே சிக்னல் எடுக்குமாம். ஆனால் விலை கூட, மாதா மாதம் காசு போடாவிட்டால் செத்துப்போகும். மற்றது மலிவு, ஆறு மாதத்துக்கு ஒரு தடவை காசு போட்டால் போதும். ஆனால் அவர்கள் தேயிலைத் தோட்டத்தில் ஒன்பதாம் நம்பர் மலை உச்சியில் மட்டும்தான் சிக்னல் மூன்று கோடு காட்டும்.

"கேக்குறதுக்குத்தானே போனு. கேக்குற காதுக்கு மாசா மாசம் எதுக்குத் தீனி?" என்றான் அழகுமுத்து.

"மலிவுன்னு வாங்கிட்டு அப்புறம் மரத்துல ஏறி நிக்காதீங்க அண்ணே" என்றார் பழனியாண்டி.

வேலாயி விரல் விட்டு எண்ணினாள். கொழுந்து எடுக்கும் சுற்று எட்டு வேலை நாளில் அதே மலைக்குத் திரும்பி வரும். இன்று ஆட்கள் நிற்பது ஒன்பதாம் நம்பரில். ஞாயிறு போக மூன்று சுற்று முடிந்து, நாலு வாரம் கழித்து வரும் வெள்ளிக்கிழமையும் அங்கேயே வந்து நிற்கும். வேலை செய்துகொண்டே பேசிவிடலாம், இன்னொரு பேரும் போகாது. மலிவான கார்டையே போடச் சொன்னாள். அது வேலை செய்ய ஒரு நாள் ஆகும் என்றார் பழனியாண்டி. ரெண்டரைக்கு மகள் எடுத்ததும் நம்பரைச் சொல்லி, "இனிமே கடைக்கு எடுக்காத தாயி, இதுக்கே எடு" என்றாள். அதைச் சொல்லும்போது கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

இடையில் ஒரு போயா, பௌர்ணமி லீவு, வரும் என்பதை மட்டும் எண்ண மறந்துவிட்டாள்.

அது அந்த வெள்ளிக்கு முந்தின வியாழக்கிழமையாக வந்தது. அன்று வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டு இல்லை. லயத்து வாசலில் துணி துவைத்துக்கொண்டிருந்தவள் மறுபடி விரல் விட்டு எண்ணினாள். சுற்று ஒரு நாள் பிந்திவிட்டது. நாளைக்கு எட்டாம் நம்பர், அது பள்ளம், ஒரு கோடும் விழாது.

கங்காணி சிவசாமியிடம் ஓடிப்போய்க் கேட்டாள். ரெண்டு மணிக்கு மேலே விடுகிறேன் என்று அவனும் ஒத்துக்கொண்டான்.

வெள்ளிக்கிழமை ரெண்டு மணிக்கு மேல்ரோட்டில் தோட்டத்துத் துரையின் ஜீப் வந்து நின்றது.

"விடுறேன்னு சொன்னது சொன்னதுதான் அக்கா. ஜீப்பு திரும்பட்டும்" என்றான் சிவசாமி.

ஜீப் திரும்பவில்லை. துரை இறங்கி நின்று, மலை வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கோடு பேசிக்கொண்டே இருந்தார். வேலாயியின் கை கொழுந்தைக் கிள்ளிக்கொண்டிருந்தது. கண் ரோட்டிலேயே கிடந்தது. நேரம் ரெண்டரையைத் தாண்டியதும் கூடையை இறக்கிப் போட்டுவிட்டு ஏறத் தொடங்கினாள்.

"அரைப்பேருதான் போடுவாங்க அக்கா" என்று பின்னாலிருந்து சொன்னான் சிவசாமி.

"போடட்டும்."

தண்ணிக் கான்களைத் தாண்டி, அட்டை கடித்த காலோடு ஒன்பதாம் நம்பர் உச்சிப் பாறைக்கு வந்து சேர்ந்தாள். போனில் மூன்று கோடு விழுந்தது. கையில் அது ஒரு தரம் உதறி இங்கிலீசில் எதையோ காட்டியது. அவளைத் திரும்பக் கூட்டிக்கொண்டு போகப் பின்னாலேயே வந்த சிவசாமி அதை வாங்கி வாசித்தான்.

"நாலு தடவை எடுத்திருக்கு. கடைசியா ரெண்டு அம்பதுக்கு."

"நம்பரு இருக்கா தம்பி?"

"வெளிநாட்டு நம்பரு விழல அக்கா."

மணி மூன்றைத் தாண்டியிருந்தது. சிவசாமி அவளை வேலைக்குக் கூப்பிடவில்லை. கீழே கொழுந்து நிறுக்கும் சத்தம் கேட்கும்வரை வேலாயி போனைக் காதுக்கு நேரே பிடித்தபடி நின்றாள். மூன்று கோடும் அப்படியே நின்றன.

ஞாயிற்றுக்கிழமை அழகுமுத்து மஸ்கெலியாவுக்குப் போய் வந்தான். கடைக்கு அழைப்பு எதுவும் வரவில்லை. எப்படி வரும்? எடுக்காதே என்று சொன்னதே இவள்தானே.

"மத்தக் கார்ட போட்டுருவோம் புள்ள. எப்படியாவது மாசா மாசம் காசு போட்டுக்கலாம். வீட்டுக்குள்ளயே எடுக்கும்" என்றான், அவள் முகத்தைப் பார்க்காமல்.

"போட்டா நம்பரு மாறிப்போகுமுங்க. அவ கையில இருக்கிறது இந்த நம்பருதானே."

வேலாயி போனைத் துடைத்து, அரிசி டின்னுக்கு மேலே வைத்தாள். மகள் எடுக்கும் அடுத்த வெள்ளிக்கிழமை வர இன்னும் இருபத்தாறு நாள். அன்றைக்கு விடிந்ததிலிருந்தே பாறையில் போய் உட்கார்ந்துவிடலாம், பேர் போனால் போகட்டும். அந்த விசயம் அதுவரைக்கும் பொறுத்திருக்குமா என்றுதான் தெரியவில்லை.