விசில் ராஜா யார்?

நீதிமன்றத்தில் ஒரு பாட்டுக்குப் பொழிப்புரை நடந்துகொண்டிருந்தது. அரசுத் தரப்பு நிபுணர் கல்லூரியில் மொழிப்பாடம் நடத்துபவர். மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வாசித்தார்:

“வீட்டுக்குள்ள ஒரு ராஜா
விசிலடிச்சா விடியும்
சோத்துத் தட்டு பறக்கும்
ஏன்னு கேட்டா நாக்கொடியும்.”

கிட்டாரும் டிரம்ஸும் காதைப் பிளக்கப் பாடகன் தகரம் கத்திப் பாடிய வரிகள், இவர் வாயில் இரங்கற்பா மாதிரி இருந்தன. கரகரத்த குரலால் ‘தகரம்’ என்று பேர் வாங்கியவன் கூண்டுக்குள் உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினான்.

“வீடு என்றால் நாடு. விசில், ஊரடங்குச் சங்கு. தட்டு பறப்பது ரேஷன் வெட்டு. நாக்கொடிவது, மூடப்பட்ட பத்திரிகைகள்” என்றார் நிபுணர்.

“ராஜா?” என்றார் நீதிபதி.

நிபுணர் கதவருகே நின்ற காவலரை ஒரு பார்வை பார்த்தார். “இவன் கருத்துப்படி... நாட்டை ஆளும் நம் பெரியவர்தான்.”

பின்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். காவலர் அந்த ஆளைச் சட்டையைப் பிடித்து வெளியே இழுத்துப் போனார்.

அடுத்து, தகரத்துக்காக வாதாடிய வக்கீலம்மா அவன் அப்பாவைச் சாட்சி சொல்லக் கூப்பிட்டார். பஸ் டெப்போவில் சூப்பர்வைசராக இருந்து ஓய்வு பெற்றவர். டெப்போவே அவரைக் கண்டால் நடுங்கும்.

“ஐயா, அந்த ராஜா நான்தான்” என்றார்.

நீதிபதி நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“டெப்போ விசிலை வீட்லயும் ஊதுவேன். அதுக்கு முன்னாடி யாரும் எழுந்திரிக்கக் கூடாது, அப்புறம் யாரும் படுத்திருக்கக் கூடாது. உப்பு கம்மின்னு தட்டை வீசினேன். இவன் நெத்தியில இருக்கே, அந்தத் தழும்பு, அது நான் போட்டது.” குரல் இறங்கியது. “இவங்க அம்மா ஏன்னு ஒரு தடவைதான் கேட்டா. அப்புறம் கேக்கல. பாட்டுல இருக்கறதெல்லாம் எங்க வீடுய்யா. பெரியவருக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல.”

பார்வையாளர் வரிசையில் இருந்த அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். வக்கீலம்மாவுக்கு முகம் மலர்ந்தது. நீதிபதியும் பேனாவை மூடி வைத்துவிட்டுத் தகரத்தைப் பார்த்தார்.

“அப்பா சொல்றது உண்மையா?”

தகரம் அப்பாவைப் பார்த்தான். அவ்வளவு கூனிப்போன அப்பாவை அவன் பார்த்ததே இல்லை.

“பொய்ங்க ஐயா. என்னைக் காப்பாத்தச் சொல்றாரு. அது பெரியவரைப் பத்தின பாட்டுதான். நிபுணர் ஒரு வார்த்தைகூடத் தப்பாச் சொல்லல.”

“டேய்!” அப்பாவின் கை கூண்டுக் கம்பியைப் பிடித்தது. காவலர் விலக்கிவிட்டார்.

மூன்று வருடம் என்று தீர்ப்பானது.

சிறையில் முதல்முறை பார்க்கப் போனபோது அம்மா கம்பிவலைக்கு இந்தப் பக்கம் நின்று கேட்டாள்: “ஏன்டா அப்படிச் சொன்னே? அது உங்கப்பாதானே?”

“எழுதும்போது அவர்தாம்மா. ஆனா ஊர் பூரா வேற ஆளை நினைச்சுப் பாடிச்சு. பாடினதுக்கு எத்தனை பேர் உதை வாங்கினாங்க, ஒருத்தனுக்கு ஒரு கண்ணே போச்சு. இப்போ போய், ‘அது எங்க வீட்டுச் சண்டைப்பா’ன்னா அவங்க மூஞ்சில எப்படிம்மா முழிப்பேன்?”

அம்மா வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தாள். “அப்பா கேட்டுக்கு வெளியில நிக்கறாரு. கூப்பிடட்டுமா?”

“வேணாம்மா. இன்னொரு நாள் பாக்கலாம்.”

வெளியே வெயில் கொளுத்தியது. அப்பா சுவரோரம் ஒட்டி நின்றிருந்தார். “என்ன சொன்னான்?”

“இன்னொரு நாள்ங்கறான்.”

அவர் தலையாட்டினார். இருவரும் பஸ் நிறுத்தத்துக்கு நடந்தார்கள். நிழலில் நின்றதும் அம்மாதான் ஆரம்பித்தாள்.

“கோர்ட்ல அத்தனை பேர் முன்னாடி சொன்னீங்களே. அதை என்கிட்ட ஒரு நாளாவது சொல்லியிருக்கலாமில்ல?”

பஸ் வந்தது. அவள் பெண்கள் பக்கம் ஏறி, முன்னால் போய் உட்கார்ந்துகொண்டாள்.