யாரும் வராத அறையின் முந்நூறாவது நாள்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை நான் யோசித்ததல்ல, எட்டிப் பார்த்தது. மாப்பிள்ளை மூக்குக்கண்ணாடியை வீட்டிலேயே வைத்துவிட்டு வேலைக்குப் போய்விட்டார். கண்ணாடி இல்லாவிட்டால் அவருக்கு என் மகளையே அடையாளம் தெரியாது, இரும்புத் தொழிற்சாலையில் என்ன தெரியப்போகிறது? அதைக் கொண்டுபோன என்னைக் காவலாளி நாற்பது நிமிடம் வாசலில் உட்கார வைத்தார். எதிரே ஒரு பலகை, 'விபத்தில்லாத நாட்கள்' என்று. ஒரு பெண் ஏணியில் ஏறி, தகர எண்ணைக் கழற்றி, வேறொன்றை மாட்டினாள். இறங்கி, கழற்றிய எண்ணைச் சட்டைக் கையால் துடைத்தாள், குழந்தைக்கு மூக்கு துடைப்பதுபோல.

அந்தத் துடைப்பு மட்டும் நிஜம். மற்றதெல்லாம் நான் கட்டியது. மாப்பிள்ளை வேலை பார்க்கும் இடத்தில் யாரும் குடிப்பதில்லை. (இந்த வாக்கியம் மாப்பிள்ளை கேட்டுக்கொண்டபடி சேர்க்கப்பட்டது.)

2

தொடக்கங்கள்:

'காலை வெயிலில் கிரேன் ஒரு ராட்சசப் பறவையைப் போல' — வேண்டாம். கிரேன் கிரேனைப் போலத்தான் இருக்கும்.

'போதை என்பது ஒரு சமூக' — இது கதையா, கட்டாயக் கூட்டத்தில் படிக்கிற உரையா? அடித்துவிட்டேன்.

'போர்டு அக்காவுக்குத் தன் தம்பி குடிக்கிறான் என்பது தெரியும். இல்லை என்று அவள் சொல்லியும் விட்டாள்.'

இது பரவாயில்லை. இதையே வைத்துக்கொள்வோம்.

3

என் கதையில் வரும் தொழிற்சாலையில் ஒரு திட்டம் கொண்டுவந்தார்கள். குடிப்பவனோ வேறு போதை எடுப்பவனோ தானாக வந்து "எனக்கு உதவி வேணும்" என்று சொன்னால் வேலை போகாது. மூன்று மாதம் சிகிச்சை, பிறகு அதே இடம். ஊதிப் பார்க்கும் கருவியில் மாட்டினால் அன்றைக்கே வெளியே. நல்ல விதி. யாரோ புத்தியுள்ளவர் எழுதியது. அறையை எங்கே வைக்க வேண்டும் என்று மட்டும் அந்தப் புத்தி எழுதவில்லை. ஆகவே அதைச் சாப்பாட்டுக் கூடத்து வரிசைக்கு நேர் எதிரே வைத்தார்கள். கண்ணாடிக் கதவு. அதில் முழ நீள எழுத்தில்: 'இரகசிய ஆலோசனை அறை'.*

(* முழம் கொஞ்சம் மிகை. அரை முழம்.)

ஆலோசகர் செவ்வாயும் வெள்ளியும் வந்து உட்கார்வார். குறுக்கெழுத்து போடுவார், போய்விடுவார். பண்டகசாலைக்காரர் ஒருநாள் செருப்பு வாரை மாட்ட அந்தக் கதவில் கை ஊன்றினார். இரண்டு வாரம் வரிசையில் யாரும் அவரை விடவில்லை. "என்னண்ணே, டாக்டரம்மா என்ன சொன்னாங்க? சாப்பாட்டுக்கு முன்னாடியா, பின்னாடியா?"

முப்பது நாளாகியும் யாரும் வரவில்லை. நலத்துறை அதிகாரி கைதட்டினார். "ஒருத்தன்கூட வரலன்னா என்ன அர்த்தம்? ஒருத்தனுக்கும் பிரச்சினை இல்லன்னு அர்த்தம்!"

உடனே அறையிலிருந்து இருபது அடி தள்ளி ஒரு பலகை: 'உதவி தேவைப்படாத நாட்கள்'. மூன்று கொக்கி, ஒரு பெட்டி நிறையத் தகர எண்கள். தினமும் மாற்றும் வேலை வருகை குறிக்கும் நேர அலுவலகத்து உதவியாளருக்கு. அன்றிலிருந்து அவளுக்குப் பேர் போர்டு அக்கா. முந்நூறாவது நாள் விழா, தலைமை அலுவலகத்திலிருந்து ஆட்கள், எல்லாருக்கும் ஆளுக்கொரு சுவர்க்கடிகாரம். யாராவது அறைக்குள் நுழைந்தால் எண் மறுபடி பூஜ்யம்; கடிகாரமும் பூஜ்யம்.

"அக்கா, வீட்ல ஆணியே அடிச்சாச்சு," என்றான் ஒருவன் வரிசையில். "பாத்து, எண்ணைத் தப்பா மாட்டிடாதீங்க."

இருநூற்றுத் தொண்ணூற்றாறாவது நாள், அவள் தம்பி ஓட்டும் கிரேனில் தொங்கிய இரண்டு டன் இரும்பு அச்சு ஒரு ஆட்டம் ஆடி, வெல்டரின் தலைக்கவசத்தை உரசிப் போனது. கவசம் உருண்டது. வெல்டர் பொத்தென்று உட்கார்ந்தார். எல்லாரும் சிரித்தார்கள், வெல்டர் உட்பட. அக்கா சிரிக்கவில்லை. கிரேனிலிருந்து இறங்கி வந்தவன் வாயில் புதினா மிட்டாய் மணத்தது. ஒன்றல்ல, மூன்று.

3 (மறுபடியும்)

ஏன் குடிக்கிறான் என்று கேட்பீர்கள். மூன்று காரணம் எழுதிப் பார்த்தேன். காதல் தோல்வி (அவனுக்கா? அடித்தேன்). முதுகு வலி (பாதி உண்மை). 'எல்லாரும் குடிக்கிறாங்க' (அவனே சொன்னது, ஆகவே நம்பவில்லை). காரணம் தெரிந்தால் மட்டும் அந்த அச்சு நேராகத் தொங்கிவிடுமா?

சைக்கிள் நிறுத்தும் இடத்தில் அக்கா அவனைப் பிடித்தாள்.

"டேய், உள்ள போய் ஒரு வார்த்தை சொல்லிட்டு வா. வேலை போகாது."

"எல்லார் முன்னாடியுமா? ஏன்க்கா, அதுக்குப் பதிலா மைக்ல சொல்லிடட்டுமா?"

"அன்னைக்கு அந்த ஆளு தலை போயிருக்கும்டா."

"போகலல்ல?"

"அடுத்த தலை யாரோடதுடா? அதையாவது சொல்லு, நான் அவங்க வீட்ல போய் முன்கூட்டியே சொல்லிடறேன்."

அவன் சைக்கிள் மணியை ஒருமுறை அடித்தான். அது யாருடைய சைக்கிளோ.

4

அதிகாரியைக் கெட்டவராக்க ரொம்பப் பாடுபட்டேன். ஒத்துழைக்கவில்லை மனிதர். ஆலோசகர் சாப்பாடு கொண்டுவராத நாளில் தன் டப்பாவில் பாதியைக் கொடுக்கிறார். யாரும் வராவிட்டால் நிஜமாகவே நல்லது என்று நம்புகிறார். ஊதும் கருவி பிரிக்காத உறையோடு அவர் அலமாரியில் இருக்கிறது. "உதவியே தேவைப்படாதவங்களைப் போய் ஊதச் சொன்னா மனசு புண்படாது?" கெட்டவராக இருந்தால் எழுத எவ்வளவு சுலபம்!

விழாவுக்கு முந்தின நாள் அவருக்கு ஒரு யோசனை வந்தது. கருவியையும் படத்தில் காட்ட வேண்டும். மேடையில் ஒருவர் ஊதினால் அழகாக இருக்கும்.

"உங்க தம்பியைச் சொல்லிட்டேன்மா. ஆள் ஓங்குதாங்கா இருக்கான், படத்துல நல்லா விழுவான்."

"சார், வேற யாரையாவது..."

"ஏம்மா, அவன் குடிப்பானா?" கேட்டுவிட்டு அவரே சிரித்தார்.

"இல்ல சார்."

இந்த 'இல்ல சார்' என் கதையில் இருக்கவே கூடாது என்று நினைத்தேன். தைரியசாலியாக அவளை வளர்த்துக்கொண்டு வந்தேனே! ஆனால் நானாக இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன். நீங்களும்தான். சும்மா இருங்கள்.

அங்கிருந்து நேரே, விழா ஏற்பாட்டுக்காக வியாழனும் வந்திருந்த ஆலோசகரிடம் போனாள். ஆலோசகர் குரலைத் தாழ்த்தி, "கிரேன் ஓட்டுறவரு உங்க தம்பியா?" என்றார். "மூணு தடவை கதவு வரைக்கும் வந்தாரு. வரிசையைப் பாத்துட்டுத் திரும்பிட்டாரு."

"மேடம், இந்தக் கண்ணாடில எதையாவது ஒட்டுங்களேன்."

5

முடிவுகள் கைவசம் இருக்கின்றன:

அ) தம்பி மேடையேறி அழுகிறான், எல்லாரும் எழுந்து நின்று கைதட்டுகிறார்கள். (எந்தத் தொழிற்சாலையில்? முகவரி கொடுங்கள், நானே போய் வேலைக்குச் சேர்கிறேன்.)

ஆ) கருவியில் பேட்டரி இல்லை. எல்லாருக்கும் கடிகாரம். எனக்கும் நிம்மதி. அடுத்த வாரம் கிரேன் மறுபடி ஆடும். அதை எழுத நான் இருக்க மாட்டேன், ஓடிவிடுவேன்.

இ) ஊதுகிறான். சிவப்பு விளக்கு. 'அக்கா அங்கேயே' — இல்லை. இதை எழுத எனக்குக் கை வரவில்லை.

6

வெள்ளிக்கிழமை, பத்து மணி. பலகைக்கு முன்னால் எல்லாரும். மேசையில் கருவி, அட்டைப்பெட்டிகளில் கடிகாரங்கள். வெல்டர் முதல் வரிசையில், புதுச் சட்டையில். இருபது அடி தள்ளி அந்தக் கதவு. அதில் உள்பக்கமிருந்து செய்தித்தாள் ஒட்டியிருந்தது. குறுக்கெழுத்துப் பக்கங்கள், எல்லாக் கட்டமும் நிரப்பியது.

தம்பி கூட்டத்தின் ஓரத்தில், மிட்டாய் மென்றுகொண்டு. கதவுப் பக்கமாகத்தான் நின்றான். காலையிலும் குடித்திருந்தான், முகம் கழுவியும் கண் சொன்னது. கதவைப் பார்த்தான், கூட்டத்தைப் பார்த்தான்.

அக்கா ஏணி மேலே. முதல் பூஜ்யத்தை மாட்டினாள். இரண்டாவது பூஜ்யத்தை மாட்டினாள். கையில் எண் மூன்று, புதுச் சாயம் பூசியது. சட்டைக் கையால் துடைத்தாள்.

"மாட்டுங்கம்மா, மாட்டுங்க!" என்றார் அதிகாரி. "அடுத்து நம்ம தம்பி வந்து ஊதுவார்!"

அக்கா தம்பியைப் பார்த்தாள். மூன்றைத் தலைக்கு மேல் உயர்த்திப் பிடித்தாள். கையை விட்டாள்.

தகரம் சிமெண்டுத் தரையில் விழுந்த சத்தம் சாப்பாட்டுக் கூடத்துச் சுவரில் மோதித் திரும்பி வந்தது. "ஐயோ!" "அக்கா, பாத்து!" "கடிகாரத்து மேல விழுந்துச்சா?" மூன்று சறுக்கிக்கொண்டே மேசைக்கு அடியில் போனது. அதிகாரி குனிந்தார். வெல்டர் மண்டியிட்டார். ஆணி அடித்து வைத்தவன் மேசைக்கு அடியிலேயே புகுந்துவிட்டான். தலைமை அலுவலகத்து ஆட்கள்கூட எட்டிப் பார்த்தார்கள். அக்கா மட்டும் அவசரமில்லாமல், ஒவ்வொரு படியாக, முடிந்தவரை மெதுவாக இறங்கினாள்.

இருபது அடி. முந்நூறு நாளில் முதல் தடவையாக அந்தக் கதவை ஒருவரும் பார்க்கவில்லை.

நீங்கள் ஒருவர்தான் பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள். அவன் போனானா, நின்றானா என்று என்னைக் கேட்காதீர்கள். மாப்பிள்ளை மூன்று நாளாகக் கேட்கிறார், அவருக்கே சொல்லவில்லை. அது இரகசிய அறை.

கொஞ்சம் அந்தப் பக்கம் திரும்பிக்கொள்ளுங்களேன்.