ஏழு நிமிடப் பாட்டு

சாய்ந்தமருது ஜவுபருக்குப் பைத்தியம் இரண்டு. ஒன்று பெண்சாதி சுஹறா. மற்றது கொழும்பிலிருந்த 'நங்கூரம்' என்ற றொக் கோஷ்டி. இரண்டையும் ஒரே ஒலிநாடாக் கெசட்டில் சேர்த்ததுதான் அந்த மனிசன் செய்த பிழை.

எழுபத்தெட்டில் நங்கூரம் முதல் இசைத்தட்டைப் போட்டபோது அது வெறும் ஆட்டம்தான். டிரம்மைப் போட்டு அடி, கிற்றாரைப் போட்டு இழு, மூன்று நிமிடத்தில் பாட்டு முடிந்துவிடும். புதுமாப்பிள்ளை ஜவுபரும் சுஹறாவும் அறைக்கதவைச் சாத்திக்கொண்டு றேடியோவில் அதைக் கேட்டுச் சிரிப்பார்கள். "ஷைத்தான்ட கூத்து" என்று வெளியே மாமி சபியா உம்மா முணுமுணுப்பார். மகளுக்குச் சீதனமாகக் கொடுத்த வீடு. முணுமுணுக்க அவருக்கு உரிமை இருந்தது.

எண்பத்தொன்றில் கோஷ்டிக்கு நிதானம் வந்தது. கடலுக்குப் போய்த் திரும்பாதவர்களைப் பாடினார்கள். "பொடியன்மார் மனிசராகிட்டானுகள், புள்ள" என்றான் ஜவுபர், தானே பெற்று வளர்த்தவன்போல.

எண்பத்துமூன்றில் சுஹறா வீட்டுவேலைக்குக் குவைத் போனாள். எழுத வராது, கெசட்டில் பேசி அனுப்புவாள். ஒரு பக்கம் அவளுக்கு, மறுபக்கம் வீட்டாரின் பதிலுக்கு. அதே கெசட் போய்ப் போய் வரும். ஊரில் எல்லா வீட்டிலும் அதுதான் வழக்கம்.

கடைசிக் கெசட் ஊர் திரும்பிய யாரோ ஒருத்தி கொண்டுவந்து, மூன்று கை மாறிக் கிடைத்தது. தெருவிலுள்ள அத்தனை பேருக்கும் பெயர் சொல்லிச் சலாம். சொல்லி முடியுமுன் அந்தப் பக்கம் தீர்ந்துபோனது. ஜவுபர் சிரித்தான். மறுபக்கத்தைப் போட்டுப் பார்க்கவேண்டுமென்று தோன்றவேயில்லை. அது அவனுடைய பக்கமல்லவா?

அந்தக் கிழமைதான் றேடியோவில் நங்கூரத்தின் புதுப்பாட்டு வந்தது. டிரம் இல்லை. ஒற்றைக் கிற்றார், அவசரமில்லாத குரல், முழுசாக ஏழு நிமிடம். தூரத்தில் இருப்பவளை நினைத்து உருகும் பாட்டு. சுஹறாவுக்காகவே பாடியதுபோல இருந்தது ஜவுபருக்கு. மாமியின் காது கேட்கப் பெண்சாதியோடு கதைக்க அவனுக்கு எப்போதுமே வெட்கம். என் பதிலாக இதுவே போகட்டும் என்று நினைத்தான். மறுநாள் அதே பாட்டைத் திரும்பப் போட்டபோது கெசட்டில் தன் பக்கத்தில் பதிவு செய்து, தெரிந்த முகவரிக்குத் தபாலில் அனுப்பினான்.

இரண்டு மாதத்தில் பொதி திரும்பி வந்தது. மேலே அரபியில் கிறுக்கியிருந்ததைப் பள்ளிவாசல் மௌலவி வாசித்தார்: "இந்தப் பெயரில் இங்கே யாருமில்லை."

பின்னேரம் அசறு தொழுதுவிட்டுச் சபியா உம்மா கதவோரம் வந்து நின்றார். "புள்ளட சலாத்தயாவது போடுங்க, மகன்."

அவசரத்தில் ஜவுபர் பக்கம் மாற்றிப் போட்டுவிட்டான். கிற்றார் ஒலித்தது. நிறுத்தவும் தெம்பில்லாமல் உட்கார்ந்திருந்தான். ஏழு நிமிடமும் ஓடி முடிந்ததும், சுஹறாவின் குரல் வந்தது.

"...அதான் இப்ப இரிக்கிற வீட்டு அட்ரஸ். ரெண்டு தரம் சொல்லிட்டன். இவங்கட அடி தாங்க ஏலா. பாஸ்போட்டயும் பறிச்சி வெச்சிரிக்காங்க. ஆரயாவது புடிச்சி என்னக் கெதியா எடுங்க. மறந்திராதீங்க."

அதற்குப் பிறகு வெறும் இரைச்சல்.

சலாம் சொல்லித் தீர்ந்ததும் அவள் கெசட்டைத் திருப்பிப் போட்டு மிச்சத்தைப் பேசியிருக்கிறாள்; அதன்மேல்தான் அவன் பாட்டைப் பதிந்திருக்கிறான். பழைய மூன்று நிமிடப் பாட்டாக இருந்திருந்தால் அட்ரஸ் தப்பியிருக்கும். யா அல்லாஹ், நங்கூரத்தார் ஆட்டம் போடுகிற பொடியன்களாகவே இருந்திருக்கக் கூடாதா!

"அட்ரஸ் சொல்லியிரிக்காள்! பின்னுக்குச் சுத்துங்க, மகன்!"

சுற்றினான். கிற்றார். மறுபடியும் சுற்றினான். கிற்றார்தான்.

ஒருநாளும் மருமகன் முன்னால் வந்து இருக்காத சபியா உம்மா, முக்காட்டை ஒதுக்கிக்கொண்டு பக்கத்தில் குந்தி, றேடியோப் பெட்டியில் காதை வைத்தார்.

"பாட்டு மறைக்கிது. சத்தத்தக் கொறைங்க. கீழால அவள் கதைக்கிறாள்தானே."

ஜவுபர் குறைத்தான்.

"இன்னுங் கொஞ்சம், மகன்" என்றார்.