நல்லேரிப்பாக்கத்தில் ஒரு தோப்பு

அந்த மேப்ல ஒரு வசதி கீது. வசதின்னு சொல்றதா, வினைன்னு சொல்றதா, தெரியல. யாரு எந்தக் கோடு போட்டாலும், எப்ப போட்டாங்க, இன்னா சொல்லிப் போட்டாங்கன்னு பேரோட பதிவாகி நிக்கும். கோட்டை அழிச்சிடலாம், போட்டவன் பேரை அழிக்க முடியாது. நல்லேரிப்பாக்கம்னு தேடிப் பழைய பதிவைப் பார்த்தீங்கன்னா, ஹரிகிருஷ்ணன்னு என் பேரு இருக்கும். பக்கத்துலயே என் கையால அடிச்ச குறிப்பு: "என் சொந்த ஊர். முழுசா முடிச்சாச்சு." அதை எப்ப பார்த்தாலும் எனக்கு செருப்பால அடி வாங்கின மாதிரி இருக்கும்.

மொதல்ல இந்த மேப் விவகாரத்தைச் சொல்லிடறேன். இது கம்பெனிக்காரன் வரையற மேப் இல்ல. ஆசைப்பட்டவங்க எல்லாம் சேந்து, சம்பளம் கிம்பளம் இல்லாம, அவங்கவங்க தெருவை அவங்கவங்களே வரையறது. எங்க நாவலூர் ஆபீஸ்ல அனு மேடம்னு ஒருத்தங்க இதுக்கு ஒரு குழு வச்சிருந்தாங்க. மாசத்துக்கு ஒரு ஞாயித்துக்கிழமை மாமல்லபுரத்துல ஒரு சின்ன ஹால்ல கூடுவோம். போனைக் கையில புடிச்சிகினு தெருத்தெருவா நடக்கணும். கல் பட்டறை எத்தினி, லாட்ஜ் எத்தினி, குடிதண்ணி எங்க, கக்கூஸ் எங்கன்னு ஒண்ணொண்ணா குறிக்கணும். மொத நாள் வெயில் மண்டையைப் பொளந்துச்சு. இன்னாடா பேஜாரு, லீவு நாளும் அதுவுமா கக்கூஸைத் தேடிகினு அலையறோமேன்னு இருந்துச்சு. ஆனா சாயங்காலம், நான் குறிச்ச டீக்கடை மேப்ல ஒரு புள்ளியா வந்து நின்னுது பாருங்க, அப்பவே பைத்தியம் புடிச்சிக்கிச்சு.

நடந்து குறிக்கறது ஒரு வழி. உக்காந்த எடத்துலேருந்தே வரையறது இன்னொரு வழி. மேலேருந்து சாட்டிலைட் எடுத்த படத்தை கட்டம் கட்டமா வெட்டி வச்சிருப்பாங்க. ஆளுக்கு ஒரு கட்டம் எடுத்துக்கணும். கூரை தெரிஞ்சா வூடு, கோடு தெரிஞ்சா ரோடு. எல்லாம் வரைஞ்சிட்டு "முடிந்தது"ன்னு அமுக்கினா கட்டம் பச்சையாயிடும். பச்சையான கட்டத்தை அதுக்கப்புறம் ஒருத்தரும் தொட மாட்டாங்க. அதனால அனு மேடம் தலைப்பாடா அடிச்சிக்குவாங்க: "நடந்து பார்க்காத இடத்தை முடிஞ்சதுன்னு மட்டும் சொல்லாதீங்க."

நான் சும்மா இருந்தேனா? "மேடம், கருங்குழிலேருந்து உள்ள தள்ளி எங்க ஊரு. அந்தக் கட்டம் எனக்கு. கண்ணை மூடிகினு வரைவேன்."

"கண்ணைத் தொறந்தே வரைங்க ஹரி," ன்னாங்க அவங்க. எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன்.

ரெண்டு சனிக்கிழமை உக்காந்து வரைஞ்சேன். நூத்திப் பதினெட்டு வூடு. பெருமாள் கோயிலு, ரேஷன் கடை, ரைஸ் மில்லு, எல்லாத்துக்கும் பேரு. எங்க வூட்டுக்குப் பின்னால இருக்கற மாட்டுக் கொட்டாவைக் கூடத் தனியா, செவுரு அளவு பார்த்து வரைஞ்சேன்னா பார்த்துக்கோங்க. அப்புறம் ஏரி. ஏரி ரொம்பினா தண்ணி வழியற கலங்கல்லேருந்து வர்ற கால்வா. கால்வாய்க்கு அந்தாண்ட பனைமரம் நெறைய, நடுநடுவுல சாம்பல் கலர்ல சின்னச் சின்னக் கட்டம். மணி ரெண்டாச்சு, பசி. அதைச் சுத்தி ஒரே கோடா இழுத்து வளைச்சி, உள்ள "தோப்பு"ன்னு போட்டுட்டு, "முடிந்தது" அமுக்கினேன்.

அந்தாண்ட இன்னா இருக்குதுன்னு உனக்குத் தெரியாதான்னு கேக்காதீங்க. நல்லாத் தெரியும். அங்கதான் காலனி. எங்க வூட்ல அதுக்கு வேற பேரு சொல்லுவாங்க, அதை நான் இங்க சொல்லல. எங்க வயல்ல நாத்து நட்டவங்க, களை எடுத்தவங்க எல்லாரும் அங்கேருந்துதான் வருவாங்க. எங்க மாட்டுக் கொட்டாவைக் கூட்டற சந்திரம்மா வூடு அங்கதான். சந்திரம்மா பொண்ணு தமிழ்ச்செல்வி என்கூட பத்தாவது வரைக்கும் ஒரே கிளாஸு. அவங்களை வரைய வேணாம்னு நான் நெனைக்கல. வஞ்சம் ஒண்ணும் இல்ல. நெனைக்கவே இல்ல, அதான் அசிங்கம். ஊருன்னா எனக்கு கால்வாயோட முடிஞ்சிடும். முப்பத்தி நாலு வருசமா அப்படித்தான் முடிஞ்சிகினு இருந்துது.

அந்த மார்கழியில மழை புடிச்சி ஊத்துச்சு. ஏரி ரொம்பி, கலங்கல் தாண்டி, கால்வாயும் வயலும் ஒண்ணாயிடுச்சு. எங்க தெரு மேடு, அங்க ஒண்ணும் ஆகல. வழியெல்லாம் தண்ணி, நாவலூர்லேருந்து நான் நகர முடியல. அனு மேடம் குழுவுல இருந்த பசங்க அரிசி, பருப்பு, பால் பவுடர், மெழுகுவத்தின்னு பை பையா கட்டினாங்க. எந்த ஊருக்கு எத்தினி பைன்னு மேப்ல வூட்டை எண்ணிப் பார்த்துதான் முடிவு.

"ஹரி, உங்க ஊர் மேப்தான் பக்காவா இருக்கு. நூத்திப் பதினெட்டு பை அனுப்பறோம்," ன்னாங்க மேடம். வாட்ஸப் குரூப்ல எனக்கு ஒரே கைத்தட்டு.

மறுநாள் எங்கம்மா போன் பண்ணிச்சு. "டிராக்டர்ல வந்து ஒரு பை குடுத்துட்டுப் போறாங்கடா. நமக்கு எதுக்கு இது? வூட்ல மூட்டை அரிசி கீது."

"வச்சிக்கோம்மா. என் மேப்பாலதான் வந்துது," ன்னேன். எம்மாம் பெருமை எனக்கு.

அதுக்கு அடுத்த நாள் காலையில தெரியாத நம்பர்லேருந்து போன்.

"ஹரி, தமிழ்ச்செல்வி பேசறேன்."

அவ கருங்குழியில கூரியர் ஆபீஸ்ல வேலை பார்க்கறா, வண்டியில வூடு வூடா பார்சல் குடுக்கற வேலை. வழியில பார்த்தா தலையை ஆட்டுவோம், அவ்ளோதான். போன் பண்ணினதே இல்ல.

"சொல்லு தமிழு, இன்னா விசயம்?"

"டிராக்டரு கால்வா பாலம் வரைக்கும் வந்துது. வந்து அப்படியே திரும்பிகினு பூட்சு. நாங்க மாடியில நின்னுகினு கத்தினோம், கையை ஆட்டினோம். அப்புறம் நான் இடுப்பளவு தண்ணியில எறங்கிப் போய், ஊருக்குள்ள டிராக்டர் பசங்களைப் புடிச்சிக் கேட்டேன். பையெல்லாம் தீந்துபூட்சு. மேப்ல அந்தப் பக்கம் வூடே இல்லக்கா, தோப்புதான் கீதுன்னு போனைக் காட்டினாங்கோ. வரைஞ்சவர் பேரு யாருன்னேன். உன் பேரைக் காட்டினாங்கோ."

அவ நிறுத்தாம சொன்னா.

"எழுபத்தியொரு வூட்டு ஜனம் ரெண்டு நாளா ஒரு மாடியில கீறோம் ஹரி. ஒரே குண்டான் கஞ்சி. நாங்க தோப்புலயா கீறோம்?"

"இல்ல தமிழு... சாட்டிலைட் படத்துல மரம் மறைச்சிடுச்சு."



"பனைமரமா மறைச்சிது?" ன்னா. அப்புறம் வெச்சிட்டா.

அன்னிக்கு மத்தியானம் அவ கூரியர் ஆபீஸ் ஆளுங்களே கருங்குழியிலேருந்து சோத்துப் பொட்டலம் கட்டிகினு போய் சேத்தாங்கன்னு அப்புறம் கேள்விப்பட்டேன். நான் இன்னா பண்ணினேன் தெரியுமா? கம்ப்யூட்டரைத் தொறந்து, அந்தத் தோப்பை அழிச்சேன். படத்தைப் பார்த்து கூரை கூரையா, நாப்பது வூடு வரைஞ்சேன். இன்னா மாத்தினேன்னு எழுதற எடத்துல "சிறு திருத்தம்"னு அடிச்சேன். யாருக்கும் சொல்லல. முழுப் பூசணிக்காயை சோத்துல மறைச்சாச்சுன்னு நெனைப்பு.

தண்ணி வடிஞ்சதும் அனு மேடம் கூப்பிட்டாங்க. "தை மாசக் கூட்டத்துல நீங்க ஒரு பத்து நிமிஷம் பேசணும் ஹரி. வெள்ளத்துல ஒரு ஊருக்கு மேப் எப்படி உதவுச்சுன்னு." சூடு சொரணை இருந்தா, மேடம், நடந்தது இதுன்னு அப்பவே சொல்லியிருக்கணும். "சரிங்க மேடம்," ன்னேன்.

பேசறதுக்கு நாலு போட்டோ வேணும்னு கூட்டத்துக்கு முந்தின வாரம் ஊருக்குப் போனேன். போட்டோ ஒரு சாக்குதான். மனசு கிடந்து அரிச்சிகினு இருந்துது. செருப்பை மாட்டும்போது அம்மா கேட்டுச்சு, "எங்கடா?"

"கால்வாய்க்கு அந்தாண்ட."

"அங்க இன்னாடா வேலை உனக்கு?"

எறங்கி நடந்தேன். எங்க வாசல்லேருந்து பாலம் தாண்டி மொத வூடு வரைக்கும் நாலு நிமிசம் கூட ஆகல. அமெரிக்கா போய்ட்டு வந்தவன் நான், ஆபீஸ் செலவுல, ரெண்டு தடவை. அந்த நாலு நிமிசத்தை நடந்ததே இல்ல.

தமிழ்ச்செல்வி சேறு புடிச்ச பாயைக் கழுவிக் காயப்போட்டுகினு இருந்தா. சந்திரம்மா வாசல்ல உக்காந்திருந்துது, என்னைப் பார்த்ததும் வெடுக்குனு எழுந்து நின்னுடுச்சு. அறுபது வயசுக்கு மேல ஆவுது அதுக்கு. உள்ளேருந்து ஒரு பிளாஸ்டிக் சேரை இழுத்தாந்து, முந்தானையால தொடச்சி, "உக்காருப்பா"ன்னுச்சு. சின்னப் புள்ளயிலேருந்து "சந்திரம்மா, அதை எடு, இங்க வா"ன்னு பேசிப் பழகின வாய் எனக்கு. அன்னிக்கு ஒரு வழியா, "நீங்க உக்காருங்க"ன்னேன். அந்த "ங்க"வைக் கேட்டு அது முழிச்சிது. வேற யாரையோ சொல்றேன்னு பின்னால திரும்பிப் பார்த்துது.

தமிழ்ச்செல்வி ஈரக் கையைத் தொடச்சிகினு வந்து என் போனை வாங்கினா. மேப்பைப் பெருசு பண்ணிப் பார்த்தா.

"இது வூடு இல்ல, ஆட்டுக் கொட்டா. இது ஒரு வூடு இல்ல, மூணு வூடு. இது எங்க மாரியாத்தா கோயிலு, இதையும் வூடுன்னு வெச்சிருக்கே." அப்புறம் கீழ இருந்த குறிப்பைத் தொட்டா. நிதானமா படிச்சா. "சிறு திருத்தமா, ஹரி?"

தப்புதான், மன்னிச்சிடுன்னு சொல்லத்தான் அவ்ளோ தூரம் போனேன். வாயில வந்தது வேற. "ஒண்ணொண்ணா சொல்லு தமிழு, இப்பவே மாத்திடறேன்."

"வேணாம் வுடு. பார்சல் குடுக்கறவ நான். எந்த வூடு எங்க கீது, எந்த வழி எங்க போவுதுன்னு எனக்குத் தெரியாதா? நானே வரைஞ்சிக்கிறேன்."

சந்திரம்மா குறுக்க வந்துது. "வுடும்மா. நம்ம கண்ணு முன்னால வளந்த புள்ள. தெரியாம பண்ணிட்டான்."

தமிழ்ச்செல்வி என்னையே பார்த்துகினு நின்னா. தெரியாம இல்லன்னு நான் சொல்லணும்னு பார்த்தா. நான் சொல்லல. சந்திரம்மா குடுத்த தண்ணியைக் குடிச்சிட்டு, அது குடுத்த மன்னிப்பையும் எடுத்துகினு வந்துட்டேன். போட்டோ ஒண்ணு கூட எடுக்கல.

கூட்டத்துக்கு முப்பது பேரு வந்திருந்தாங்க. காலேஜ் பசங்க, கல்பாக்கத்துல வேலை பார்க்கறவங்க, எங்க ஆபீஸ் ஆளுங்க. குழு எடுத்த டிராக்டர் போட்டோவெல்லாம் வரிசையா வச்சிகினு, வெள்ளைச் சட்டை போட்டுகினு போய் நின்னேன். "மொதல்ல எங்க ஊரைக் காட்டறேன்"னு சொல்லி மேப்பைத் தொறந்து நல்லேரிப்பாக்கம்னு அடிச்சேன். செவுத்துல பெருசா வந்து விழுந்துது.

கால்வாய்க்கு அந்தாண்ட நான் வரைஞ்ச நாப்பது கூரையைக் காணோம். மூணு தெரு இருந்துது. ஒவ்வொண்ணுக்கும் பேரு. எண்ணிப் பார்க்கத் தேவையே இல்ல, எழுபத்தியொரு வூடு. மாரியாத்தா கோயிலு, கைப்பம்பு, ஆட்டுக் கொட்டா தனித்தனியா. வெள்ளத்துல எல்லாரும் ஏறி நின்ன மாடி வூடு. அது போதாதுன்னு, அந்தத் தெருவுலேருந்து ஒரு சின்ன புள்ளிக்கோடு கிளம்பியிருந்துது, ஒத்தையடிப்பாதைக்குப் போடற கோடு. பாலத்து வழியா வரல. கால்வா மதகு மேல போட்ட பலகையைத் தாண்டி, வயல் வரப்பு மேல வளைஞ்சி வளைஞ்சி, ஊரை வெளிப்பக்கமா சுத்திகினு, ஒரு வூட்டுக்குப் பின்னால போய் முட்டி நின்னுது. நான் செவுரு அளவு பார்த்து வரைஞ்ச அந்த மாட்டுக் கொட்டாவுல. கோட்டோட முனையில மஞ்சக் கலர்ல ஒரு எச்சரிக்கை மின்னிகினு இருந்துது: இந்தப் பாதை எந்தத் தெருவோடும் சேரவில்லை.

அனு மேடம் எழுந்து வந்து விரலை வச்சாங்க. "இது என்ன ஹரி? யாரோ புதுசா வரையறவங்க போல. வீட்டோட பின்பக்கத்துல போய் பாதை நிக்குதே. முன்னால தெரு பத்தடிதான். சேர்த்து விட்டுடுங்க, தப்பு சரியாயிடும்."

அந்தக் கோட்டை அமுக்கினேன். வரைஞ்சவர்: தமிழ்ச்செல்வி. கீழ, உங்களுக்கு இது எப்படித் தெரியும்னு மேப் கேக்கற எடத்துல ரெண்டு வரி எழுதியிருந்தா. முப்பது பேரும் படிக்கற மாதிரி அது செவுத்துல நின்னுது.

"எங்கம்மா நாற்பது வருசமா தினமும் நடந்த வழி. இதுக்கு மேல விட மாட்டாங்க."

வெள்ளைச் சட்டை முதுகுல ஒட்டிக்கிச்சு. ஆபீஸ்ல பேசற பேச்செல்லாம் எங்க போச்சோ.

"இது தப்பு இல்ல மேடம். சரியாத்தான் கீது. அது எங்க வூடு."

டிராக்டர் போட்டோவை மூடினேன். பழைய பதிவைத் தொறந்து, "முழுசா முடிச்சாச்சு"ன்னு நான் எழுதினதைக் காட்டினேன். தோப்பைக் காட்டினேன், சிறு திருத்தத்தைக் காட்டினேன், ரெண்டு நாள் கஞ்சியைச் சொன்னேன், தெரியாம பண்ணலன்னும் சொன்னேன். சந்திரம்மா வாசல்ல சொல்ல வேண்டியதை யாரோ முப்பது பேருகிட்ட சொல்லிகினு நின்னேன். குடுத்த பத்து நிமிசத்துல பாதி கூட ஆகல.

பாவம், அனு மேடத்துக்கு இன்னா பண்றதுன்னு தெரியல. அந்த மஞ்ச எச்சரிக்கையைப் பார்த்தாங்க, என்னைப் பார்த்தாங்க. "அப்போ... நாம இதை தெருவோட சேர்த்துடலாமா ஹரி?" ன்னாங்க மெதுவா.

"வேணாம் மேடம்," ன்னேன். "அது நெசமாவே அங்கதான் நிக்குது."